வரைபடத்திற்கு இலக்கணம் வகுத்த காஸ்பார் மோன்ஜ்

மொழிக்கு இலக்கணம் அமைந்திருப்பது போன்றே வரைபடத்திற்கும் ஓர் இலக்கணம் அமைந்துள்ளது. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் உடைய ஒரு மாளிகையை நீளமும் அகலமும் மட்டுமே உடைய தாளில் அடக்க வேண்டும். அத்தாளை, வரைந்தவரை முன்பின் அறியாத கொத்தரும் தச்சரும் கண்டு, ஐயத்திற்கு இடமின்றி அளவெடுத்து, அதே மாளிகையை எழுப்ப வேண்டும். தரைப்படம், முகப்புப்படம் என்னும் இரண்டும் கட்டடக்கலைஞர்களுக்குப் புதியன அல்ல. உரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவற்றைத் தம் நூலில் குறித்துள்ளார். ஆயினும் அவ்விரு படங்களையும் ஒன்றோடொன்று பிணைத்து, எத்தகைய வடிவத்திற்கும் பொருந்தும் பொதுமுறையாக்கிக் கல்விக்கூடத்தில் கற்பிக்கத்தக்க துறையாக வளர்த்த பெருமை பிரெஞ்சு அறிஞர் காஸ்பார் மோன்ஜையே சாரும்.

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் என்னும் சிற்றூரில் 1746 ஆம் ஆண்டு மே மாதம் மோன்ஜ் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று பொருள் விற்றவர். கத்தி சாணை பிடித்தவர் என்றும் கூறுவர். செல்வம் இல்லாத இல்லமாயினும் கல்வியின் அருமை அறிந்த இல்லம். மோன்ஜ் உள்ளூர்ப் பள்ளியிலும் பின்னர் லியோன் நகரக் கல்லூரியிலும் பயின்றார். பதினேழு வயதளவில் அக்கல்லூரியிலேயே இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. கருத்தில் தோன்றியதைக் கைவிரல்களால் வடித்துக் காட்டும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

1764 இல் விடுமுறைக்கு ஊர் திரும்பிய அவ்விளைஞர், தாமே செய்துகொண்ட அளவைக் கருவிகளைக் கொண்டு போன் நகரம் முழுவதையும் அளந்து பெரியதொரு நகர வரைபடம் தீட்டினார். அதனைக் கண்ட இராணுவப் பொறியாளர் ஒருவர் வியந்து, மெசியேர் நகரில் இயங்கிய அரசப் பொறியியற் பள்ளிக்கு அவரைப் பரிந்துரைத்தார்.

இங்குதான் குலம் குறுக்கே நின்றது. அப்பள்ளியின் அதிகாரி மாணவர் வரிசை உயர்குடிப் பிறப்பினருக்கே உரியது. வணிகன் மகனுக்குக் கிடைத்த இடம் அதனை ஒட்டிய பட்டறைப் பிரிவு. வரைபடங்களைப் படியெடுத்தலும், கற்களை வெட்டிப் பொருத்தும் முறையைக் காட்டச் சுண்ணச்சாந்தில் மாதிரிகள் செய்தலும் அங்கே பணிகள். அறிவை மதியாமல் கைத்திறனை மட்டும் பாராட்டுகிறார்களே என்று மோன்ஜ் உள்ளம் குமுறினார். எனினும் அந்தப் பட்டறையே அவருக்கு ஆசானாயிற்று என்று கருத இடமுண்டு. வளைந்த மேல்தளத்திற்கு ஒரு கல்லை வெட்ட வேண்டுமாயின், அதன் ஒவ்வொரு முகமும் எந்தச் சாய்வில் அமையும் என்பதை வெட்டுமுன் தாளில் கண்டறிய வேண்டும். கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நுட்பம் அது. ஃபிரெசியே என்னும் பொறியாளர் 1737 முதல் அதனை நூல் வடிவில் விரித்துரைத்திருந்தார். ஆயினும் வளைவுக்கு ஒரு வழி, கூம்புக்கு ஒரு வழி என அது தனித்தனி வழிகளின் தொகுப்பாகவே நின்றது.

பட்டறையில் சேர்ந்து ஓராண்டளவில் அவரிடம் ஒரு கோட்டையின் கணக்கு ஒப்படைக்கப்பட்டது. சுற்றிலுமுள்ள மேடுகளில் பகைவர் நின்று நோக்கினாலும் சுட்டாலும் உள்ளிருப்போருக்குத் தீங்கு நேராதவாறு கோட்டைச் சுவரை எவ்வளவு உயரத்தில் எழுப்புவது? ஒவ்வொரு மேட்டிற்கும் தனித்தனியே எண் கணக்கிட்டு நெடுநாள் உழைப்பதே அந்நாளைய வழக்கம். மோன்ஜ் எண்களை ஒதுக்கிவிட்டுக் கோடுகளாலேயே விடை கண்டார். இத்துணை விரைவில் முடித்த கணக்கு சரியாயிருக்க இயலாது என்று மேலதிகாரி அதனைப் பார்க்கவும் மறுத்தாராம். பின்னர்ப் பொறுமையுடன் ஆய்ந்தபோது குறை காண இயலவில்லை.

அம்முறையின் உயிர்நாடி மிக எளியது. தரைபோல் ஒரு கிடைத்தளமும் சுவர்போல் ஒரு செங்குத்துத் தளமும் கொள்க. வெளியில் நிற்கும் ஒரு புள்ளியிலிருந்து இரு தளங்களுக்கும் செங்குத்துக் கோடுகளை விடுக்க, இரண்டு வீழல்கள் கிடைக்கும். இனிச் சுவரைத் தரையோடு தரையாகச் சாய்த்துவிட்டால் இரு வீழல்களும் ஒரே தாளில், ஒன்றற்கு நேராக ஒன்று வந்தமையும். ஒரு வீழலை மட்டும் கொண்டு புள்ளியின் இடத்தை உணர இயலாது. இரண்டும் சேர்ந்தால் அதன் இடம் உறுதியாகிவிடும். கோட்டின் உண்மை நீளமும், தளத்தின் சாய்வும், இரு உருளைகள் வெட்டிக்கொள்ளும் வளைகோடும் இவ்வாறே கைவசமாகும். நம் நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் எக்ஸ், ஒய் எனப் பெயரிட்டுத் தாளின் குறுக்கே வரையும் கோடு, சுவரும் தரையும் சந்திக்கும் இந்த மடிப்புக் கோடே. அதனை வரைந்து தேர்வில் மதிப்பெண் பெற்றோருள் மோன்ஜின் பெயரறிந்தவர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

கண்டுபிடித்தவருக்கு ஆசிரியப் பதவி கிடைத்தது. சில ஆண்டுகளில் அப்பள்ளியின் கணிதப் பேராசிரியராகவும் உயர்ந்தார். ஆனால் அவர் கண்ட முறை இராணுவ மறைபொருளாக்கப்பட்டது. மெசியேர்ப் பள்ளியின் சுவர்களுக்கு வெளியே அதனை வெளியிட அவருக்கு உரிமை இல்லை. கட்டடம் கட்டுவோருக்கும் பொறி செய்வோருக்கும் பயன்பட வேண்டிய கல்வி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக உயர்குடி அதிகாரிகளின் உடைமையாக அடைபட்டுக் கிடந்தது. இடையில் 1780 இல் அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. குறைந்த உழைப்பில் மண்ணை வெட்டி நிரப்புவது எவ்வாறு என்று 1781 இல் அவர் எழுதிய ஆய்வு, பின்னாளில் தனியொரு கணிதத் துறைக்கே வித்தாயிற்று.

1789 இல் வெடித்த புரட்சி அந்தப் பூட்டை உடைத்தது. மோன்ஜ் அதன் பக்கம் முழுமனத்துடன் நின்றார். 1792 ஆகஸ்டு முதல் 1793 ஏப்ரல் வரை கடற்படை அமைச்சராகப் பணியாற்றினார். நிருவாகத்தில் அவர் பெரும்புகழ் ஈட்டினார் என்று சொல்வதற்கில்லை. பீரங்கி வார்க்கும் கலை பற்றித் தொழிலாளருக்கென்று அவர் எழுதிய நூலே அக்காலப் பணிகளுள் சிறந்தது. 1794 இல், பின்னர் எகோல் பாலிடெக்னிக் எனப் பெயர் பெற்ற கல்லூரியை நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். பிறப்பு நோக்காது தேர்வின்வழி ஏறத்தாழ 400 இளைஞர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். 1795 இல் பாரிசின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் முன்னிலையில் அவர் தம் வடிவியலை முதன்முறையாக வெளிப்பட உரைத்தார். சுருக்கெழுத்தாளர்கள் அதனைப் பதிவு செய்தனர். அவருடைய மாணவர் அஷெத் 1799 இல் அதனை நூலாக்கினார். மோன்ஜ் பாடம் நடத்தும்போது அவர் கைகளின் அசைவிலேயே காற்றில் வளைபரப்புகள் உருவாகிக் கண்முன் நிற்கும் என்று அவரிடம் பயின்றோர் வியந்துள்ளனர்.

கட்டடக்கலைக்கு இதனால் விளைந்த பயனை அறிய, அதே கல்லூரியில் கட்டடக்கலை கற்பித்த துய்ரானை நோக்குதல் வேண்டும். கட்டங்கள் இட்ட தாளில் தரைப்படம், வெட்டுமுகம், முகப்பு ஆகிய மூன்றும் வரைந்தால் ஒரு கட்டடத்தின் கருத்து முழுமையும் விளங்கிவிடும் என்பது அவர் கொள்கை. வண்ணமும் நிழலும் தீட்டிக் கண்ணை மயக்கும் ஓவிய வழக்கத்தை அவர் கடிந்தார்.

மோன்ஜின் வாழ்வில் நாம் தயங்கி நிற்க வேண்டிய பக்கங்களும் உண்டு. நெப்போலியனிடம் அவர் கொண்ட அன்பு அளவு கடந்தது. 1796 இல் தோற்ற இத்தாலியிலிருந்து ஓவியங்களையும் சிலைகளையும் பிரான்சுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய குழுவில் அவர் இடம்பெற்றார். 1798 இல் எகிப்தின்மீது படையெடுத்தபோதும் உடன் சென்று, கெய்ரோவில் நிறுவிய ஆய்வுக் கழகத்திற்குத் தலைவரானார். படிப்பு முடியுமுன் புறப்பட்டு வந்த வில்லியே என்னும் இளம் பொறியாளருக்கு அவரே கெய்ரோவில் இறுதித் தேர்வு நடத்தினார். அவ்விளைஞர் போன்றோர் அளந்து வரைந்த கோயில்களும் பள்ளிவாசல்களும் பின்னர் 1809 முதல் வெளிவந்த எகிப்து விளக்க நூல் தொகுதிகளில் தரைப்படமாகவும் வெட்டுமுகமாகவும் இடம்பெற்றன. கெய்ரோவின் வரலாற்றாசிரியர் அல் ஜபர்தி அக்கழகத்திற்குச் சென்று, நூலகத்தையும், உயிருடன் எழுந்து வருவன போன்ற ஓவியங்களையும் கண்டு வியந்து எழுதியுள்ளார். அதே அக்டோபர் மாதத்தில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழ, பிரெஞ்சுப் பீரங்கிகள் அல் அஸ்ஹர் பள்ளிவாசலை நோக்கி முழங்கியதையும், குதிரைகள் அதனுள் ஏற்றப்பட்டதையும் எழுதியவர் அவரே. பள்ளிவாசலை அளந்து வரைந்த கையும் அதனைத் தாக்கிய கையும் ஒரே படையைச் சேர்ந்தவை. கோட்டைக் கணக்கில் பிறந்த கலைக்கு இதுவும் ஒரு முகம்.

1799 இல் நெப்போலியனுடன் நாடு திரும்பிய மோன்ஜ், 1808 இல் பெலூஸ் பிரபு என்னும் பட்டம் பெற்றார். ஆயினும் கல்லூரியில் கட்டணம் விதிக்கப்பட்டபோது ஏழை மாணவருக்காகப் பரிந்து நின்றார் என்றும், தம் ஊதியத்தை அவர்களுக்கு அளித்தார் என்றும் கூறுவர். உடல் நலிவால் 1809 இல் கற்பித்தலை விட்டார். 1815 இல் நெப்போலியன் வீழ்ந்தபின், மீண்டும் அரியணை ஏறிய மன்னராட்சி 1816 இல் அவரை அறிவியற் கழகத்திலிருந்து நீக்கியது. அவர் வளர்த்த கல்லூரியையும் அவ்வாண்டு கலைத்தது. மறு ஆண்டு கல்லூரி திறக்கப்பட்டபோது மோன்ஜ் சிந்தை கலங்கிய முதியவர்.

1818 ஜூலை 28 ஆம் நாள் பாரிசில் அவர் மறைந்தார். அடக்கத்தில் கலந்துகொள்ளக் கல்லூரி மாணவர்கள் இசைவு கேட்டனர், அரசு மறுத்தது. அடுத்து வந்த விடுமுறை நாளில் அவர்கள் அனைவரும் ஒன்றுகூடிப் பெர் லாஷேஸ் இடுகாட்டிற்குச் சென்று, ஆசான் அடங்கிய இடத்தில் மலர் வைத்துத் திரும்பினர்.