ஒரே பேஸ் கிட்டார், மாற்றாத கம்பிகள்: 20க்கும் மேற்பட்ட நம்பர் 1 பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் யார்?

ராத்திரி 11 மணி. கையில் போன். ஒரு பெடல் ரிவ்யூ வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பிக்கிறது. ஷாப்பிங் ஆப்பில் ஒரு டிலே பெடல் ஏற்கெனவே கார்ட்டில் இருக்கிறது. நோ காஸ்ட் இஎம்ஐ வேறு கண்ணைச் சிமிட்டுகிறது. போன வருஷம் வாங்கிய கிட்டார் மட்டும் அறை மூலையில், உறையோடு, இரண்டு வாரமாக நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இந்த வியாதிக்கு இசைக்கலைஞர்கள் வட்டாரத்தில் ஒரு கிண்டல் பெயர் உண்டு: 'கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்'. சுருக்கமாக 'காஸ்'. இன்னும் ஒரு கருவி வாங்கிவிட்டால் நம் வாசிப்பு எங்கேயோ போய்விடும் என்ற நம்பிக்கைதான் அது. இதை எழுதுபவரும் அந்த நோயாளிகளில் ஒருவர்தான்.

அதனால்தான் இந்த மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். உங்களுக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால், அவர் வாசிப்பை நிச்சயம் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள்.

யார் இந்த ஜேமர்சன்?

1936இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தவர். வசதியில்லாத கறுப்பினக் குடும்பம். சின்ன வயதில் ஒரு குச்சியில் ரப்பரை இழுத்துக் கட்டி, எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் நட்டு, எறும்புகளை ஆட வைக்கிறேன் என்று மீட்டிக்கொண்டிருப்பார் என அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவருடைய முதல் இசைக்கருவி அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

1954இல் அம்மாவோடு டெட்ராய்ட் நகருக்கு வந்தார். கார் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ஆளுயர மர பேஸைக் கையில் எடுத்தார். நின்றுகொண்டே வாசிக்கும் 'அப்ரைட் பேஸ்' அது. கொஞ்ச நாளிலேயே ஊரின் ஜாஸ் கிளப்களில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

1959இல் அதே ஊரில் பெர்ரி கார்டி என்பவர் ஒரு இசை நிறுவனம் தொடங்கினார். அதுதான் பிற்பாடு உலகம் முழுக்கத் தெரிந்த 'மோட்டவுன்'. வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் இருந்த ஒரு சாதாரண வீட்டை வாங்கி ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார். கேபிள்கள் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்த அந்தச் சின்ன அறைக்குக் கலைஞர்கள் வைத்த பெயர் 'பாம்புக் குழி'. அங்கே தினமும் வேலைக்கு வந்து வாசித்த இசைக்குழுதான் 'ஃபங்க் பிரதர்ஸ்'. அதன் பேஸ் கலைஞர் ஜேமர்சன்.

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாடலை நினைத்துப் பாருங்கள். கிட்டார் வருவதற்கு முன்னால், இதயம் துடிப்பதுபோல ஒரு பேஸ் ஒலி மட்டும் தொடங்குமே, அது அவர்தான். சுப்ரீம்ஸின் 'யூ காண்ட் ஹர்ரி லவ்', ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்', ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்', மார்வின் கேயும் டாமி டெரலும் பாடிய 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். அமெரிக்க பாப் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடல்களில் 20க்கும் மேற்பட்டவற்றில் அவருடைய பேஸ் ஒலிக்கிறது.

அவரிடம் என்னென்ன கருவிகள் இருந்தன?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. பதில் ரொம்பச் சின்னது.

1960களின் தொடக்கத்தில் ஜேமர்சன் எலக்ட்ரிக் பேஸுக்கு மாறினார். முதலில் ஒரு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அது திருடு போனது. அடுத்து வந்ததும் அதே மாடல். அதுவும் திருடு போனது. பிறகு 1962ஆம் ஆண்டு தயாரான, சன்பர்ஸ்ட் நிறமுள்ள இன்னொரு பிரிசிஷன் பேஸ். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண மாடல்தான். அதற்கு 'ஃபங்க் மெஷின்' என்று பெயர் வைத்தார். 'ஃபங்க்' என்ற வார்த்தையை அதன் கழுத்துப் பகுதியில் பேனாவால் எழுதியும் வைத்திருந்தார். புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கருவியில் வாசித்தவை.

கம்பிகள்? லா பெல்லா நிறுவனத்தின் தடிமனான 'ஃபிளாட்வவுண்ட்' கம்பிகள். அறுந்தால் மட்டும்தான் மாற்றுவார். கம்பியில் சேரும் அழுக்கில்தான் ஃபங்க் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

விரல்? வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அப்ரைட் பேஸில் பழகிய பழக்கம் அது. அந்த ஒற்றை விரலுக்கு 'கொக்கி' என்று நண்பர்கள் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

ஸ்டுடியோவில் பெரும்பாலும் ஆம்ப்கூடக் கிடையாது. பேஸிலிருந்து ஒரு வயர், நேராக ரெக்கார்டிங் கன்சோலுக்கு. அவ்வளவுதான்.

பழைய கம்பியில் அப்படி என்ன இருக்கிறது?

இது சோம்பேறித்தனம் இல்லை. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு புரியும்.

புதுக் கம்பியில் 'டிரெபிள்' அதிகம். பளபளவென்று ஒலிக்கும், நீண்ட நேரம் ரீங்கரிக்கும். ஃபிளாட்வவுண்ட் கம்பி வழவழப்பானது. இயல்பிலேயே பளபளப்பு குறைவு. அது பழசாகும்போது இன்னும் மங்கி, தொடக்கத்தில் ஒரு 'தும்' மட்டும் நிற்கும். போதாக்குறைக்கு ஃபெண்டர் பேஸின் உலோக மூடிக்கு அடியில் ஒரு ஃபோம் துண்டு இருக்கும். அது கம்பியின் அதிர்வைச் சீக்கிரமே அடக்கிவிடும். நிறைய பேர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஜேமர்சன் விட்டுவைத்தார்.

விளைவு என்ன? ஒவ்வொரு ஸ்வரமும் தட்டியவுடன் ஒலித்து, உடனே விலகி வழிவிடும். அதனால் பாடகரின் குரலுக்குக் கீழே அவரால் நிறைய ஸ்வரங்களை அடுக்க முடிந்தது. இருந்தும் பாட்டு குழம்பவில்லை. அன்றைக்கு பாப் பாடல்களில் பேஸ் என்றால் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டுவதுதான் வழக்கம். ஜேமர்சனோ ஜாஸ் கிளப்பில் கற்றதையெல்லாம் கொண்டுவந்து, பேஸைத் தனியாகப் பாட வைத்தார். தயாரிப்பாளர்கள் பல நேரம் வெறும் கார்டு குறிப்புகளைத்தான் கொடுப்பார்கள். மீதி அவர் கற்பனை.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் அவர் அதிகமாக வைத்திருந்தார். மற்றவர்கள் அதை வாசிப்பதற்குத் திணறுவார்கள். அப்ரைட் பேஸில் உரமேறிய அவர் விரலுக்கு அது பழகிய எதிர்ப்பு. அந்தக் கருவி அவர் கைக்கே வளர்ந்ததுபோல ஆகிவிட்டது. பத்து பேஸ் வைத்திருப்பவருக்கு இந்தப் பழக்கம் வருவது கஷ்டம்.

அப்படியென்றால் எதுவுமே வாங்கக் கூடாதா?

அவசரப்பட வேண்டாம். ஜேமர்சனைத் துறவியாக்குவது தவறு. அவரும் வாங்கினார். கருவி திருடு போனபோது இன்னொன்று எடுத்தார். அப்ரைட் பேஸில் இருந்து எலக்ட்ரிக்குக்கு மாறியது அவர் வாழ்க்கையையே மாற்றிய முடிவு. ஆனால் அந்த மாற்றம் புதிதாக ஒரு வேலையைச் சாத்தியமாக்கியது. அதன் பிறகு, வேலை நடந்துகொண்டிருக்கும்வரை, அடுத்த மாடல் என்ன என்று அவர் தேடவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.

1972இல் மோட்டவுன் நிறுவனம் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் அங்கே போனார். 1973இல் நிறுவனத்தோடான உறவு முடிந்தது. அந்த நேரத்தில் பேஸின் ஒலியே மாறிக்கொண்டிருந்தது. பளிச்சென்ற 'ரவுண்ட்வவுண்ட்' கம்பிகள், கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் 'ஸ்லாப்' பாணி, திரும்பத் திரும்ப வரும் எளிய வரிசைகள். தயாரிப்பாளர்கள் கம்பியை மாற்றச் சொன்னார்கள். எளிமையாக வாசிக்கச் சொன்னார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாய்ப்புகள் குறைந்தன.

அதற்குக் கம்பி மட்டும் காரணமில்லை. குடிப்பழக்கம் அவரை ரொம்ப நாளாகவே அரித்துக்கொண்டிருந்தது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாடலுக்கு, ஸ்டூலில் உட்கார முடியாத அளவு போதையில், தரையில் படுத்தபடியே வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. அதை ஒரு சாகசமாகச் சொல்பவர்கள் நிறைய. அவர் முடிவைத் தெரிந்துகொண்டு கேட்டால் அது சாகசமாகத் தெரியாது.

பெயர் எப்போது வந்தது?

மோட்டவுன் இசைத்தட்டுகளில் பாடகர்களின் பெயர் இருக்கும். பின்னால் வாசித்தவர்களின் பெயர் இருக்காது. 1960கள் முழுக்க உலகமே அவர் பேஸைக் கேட்டது. வாசித்தவர் யார் என்று வெளியே தெரியாது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, தன்னைப் பாதித்த பேஸ் கலைஞர்களில் முக்கியமானவர் ஜேமர்சன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1971இல் வெளிவந்த 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தின் உறையில்தான், அதுவும் ஒரு பாராட்டுச் சொல்லோடு, அவர் பெயர் அச்சானது.

1983இல் மோட்டவுன் தன் 25ஆம் ஆண்டைப் பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சியாகக் கொண்டாடியது. மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக 'மூன்வாக்' ஆடிக்காட்டிய அதே நிகழ்ச்சி. அந்தப் பாடல்களுக்கெல்லாம் முதுகெலும்பாக இருந்த ஜேமர்சன் மேடையில் இல்லை. பார்வையாளராக, பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்கள் கழித்து, 1983 ஆகஸ்ட் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்துபோனார். வயது 47. கல்லீரல் பாதிப்பும் அதைத் தொடர்ந்த சிக்கல்களும்தான் காரணம். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால், வீட்டில் இருந்த 'ஃபங்க் மெஷின்' திருடு போயிருந்தது.

அங்கீகாரம் அதற்கப்புறம்தான் வந்தது. 1989இல் அவரைப் பற்றிய புத்தகம். 2000இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். 2002இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

அதே 1962 மாடல் பேஸை வாங்கி, அதே கம்பியைப் போட்டால் ஜேமர்சன் ஒலி வந்துவிடும் என்று நினைத்து இன்றைக்கும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர் கதையில் இருந்து இப்படி ஒரு பாடம் கற்றுக்கொள்வது வேடிக்கைதான். ஏனென்றால் அந்த மாடல் அன்றைக்கு ஆயிரக்கணக்கான பேரிடம் இருந்தது. அந்த விரல் ஒருவரிடம்தான் இருந்தது.

கார்ட்டில் இருக்கும் பெடலை வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதை வாங்கினால் இப்போது செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்ய முடியுமா? கையில் இருக்கும் கருவியில் கம்பி, உயரம், விரல் வைக்கும் இடம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாச்சா? இதே கருவியில் ஒரு பாட்டையாவது முழுசாக வாசிக்க வருமா?

மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால், ஹெட்போனை எடுத்து 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' பாடலை ஒருமுறை கேளுங்கள். பாடகர்களை விட்டுவிட்டு, பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மூலையில் நிற்கிற கிட்டாரின் உறையைக் கழற்றத் தோன்றினால், இந்த மாத இஎம்ஐ மிச்சம்.