படித்த பள்ளிக்கே வாத்தியார்

சுவாமி விபுலாநந்தர்னு சொன்னதும் நம்மில் பலருக்குக் காவி உடையும் யாழ் நூலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் துறவி ஆவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே அவர் ஒரு வாத்தியார். அந்த இளம் வாத்தியாரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்ற ஊர். 1892 மார்ச் 27-ஆம் தேதி சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதிக்குப் பிறந்த பிள்ளைதான் மயில்வாகனம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டையும் சேர்த்தே படித்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். அதற்கப்புறம் அதே பள்ளியில் ஆசிரியர் வேலை. கொஞ்சம் யோசித்துப் பாருங்க. நேற்று வரை பெஞ்சில் உட்கார்ந்தவர், இன்று கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். வயசு நம்ம எஸ்.பி.எம். மாணவர்களின் வயசுதான்.

வேலை கிடைத்தாச்சு, சம்பளம் வருது, போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1911-இல் கொழும்புக்குப் போய் அரசாங்க ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் சேர்ந்தார். ஏற்கெனவே வகுப்பு நடத்திப் பழகியவர், மறுபடியும் மாணவராக உட்கார்ந்து, எப்படிக் கற்பிப்பது என்பதை முறையாகக் கற்றார். கொழும்பில் இருந்த காலத்தில் தமிழ் அறிஞர்களைத் தேடிப் போய்த் தமிழும் படித்தார். 1912-இல் பயிற்சி பெற்ற ஆசிரியராகத் தன் பழைய பள்ளிக்கே திரும்பி வந்தார்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். நான் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் தெரிவது வேறு, அதைப் பத்து வயசுப் பிள்ளைக்குப் புரிய வைப்பது வேறு என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. பின்னம் என்றால் என்ன என்று ஒரு குட்டித் தங்கச்சி கேட்டபோது, நான் படித்த உயர் கணிதம் எதுவும் கைகொடுக்கவில்லை. ஒரு ரொட்டி சானாயைப் பிய்த்துக் காட்டியதும்தான் அவள் முகம் மலர்ந்தது. கற்பிப்பதைத் தனியாகக் கற்க வேண்டும் என்று மயில்வாகனம் ஏன் கொழும்பு வரை போனார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அவர் அதோடும் நிற்கவில்லை. 1915-இல் மறுபடியும் கொழும்பு. இந்த முறை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல். 1916-இல் அறிவியலில் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அந்தத் தேர்வில் தேறிய முதல் ஆள் அவர்தான் என்பார்கள். 1917-இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியர். 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.ஸி. பட்டம். பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர். வகுப்பறையில் கொஞ்ச காலம், பிறகு படிக்கப் போவது, படித்ததோடு வகுப்பறைக்குத் திரும்புவது. இப்படியே போனது அவருடைய இளமை.

1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-இல் சுவாமி சிவானந்தர் துறவு தந்து விபுலாநந்தர் என்று பெயரிட்டார். துறவின் பிறகும் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. இலங்கைக்குத் திரும்பி மிஷன் பள்ளிகளைப் பொறுப்பேற்று நடத்தினார். 1929-இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை ஆரம்பித்தார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். அங்கே இருந்தபோதுகூட, பக்கத்துத் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவார். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அரிச்சுவடி சொல்லித் தருவது சின்ன வேலையாகத் தெரியவில்லை.

அறிவியல் படித்தால் தமிழும் சமயமும் நமக்கு எதுக்கு என்று கேட்கிற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களிடம் யாழ் நூலைக் காட்டுங்க. பழந்தமிழர் இசைக்கருவியான யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. சிலப்பதிகாரம் போன்ற நூல்களில் உள்ள குறிப்புகளை எடுத்து, கணிதத்தையும் ஒலியியலையும் வைத்து, அதன் அமைப்பையும் சுரங்களையும் அவர் ஆராய்ந்தார். பண்டிதர் படிப்பு மட்டும் இருந்திருந்தாலோ, பி.எஸ்.ஸி. மட்டும் இருந்திருந்தாலோ அந்த நூல் வந்திருக்காது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ஆம் தேதி அவர் மறைந்தார். சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நம்ம ஊர்க் கோயில்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. ஆரம்பிக்கும்போது பத்து அண்ணன் அக்கா வருவார்கள். பரீட்சை, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். பிள்ளைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார்கள். படிக்கப் போவது தப்பே இல்லை, மயில்வாகனமும் போனார். ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். பட்டம் வாங்கிய கையோடு நாமும் ஒருமுறை அந்த மண்டபத்துப் பக்கம் திரும்பிப் போவோமா?