தொழில் பயிற்றிய பெருந்தகை ஜி. டி. நாயுடு

சென்னையினின்று வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழியில், கும்மிடிப்பூண்டியை அணுகுமுன் அமைந்துள்ளது புதுவாயல் என்னும் ஊர். முன்னாளில் ஏரியும் நெல்வயலுமாய் விளங்கிய அவ்வட்டாரத்தில், இந்நாளில் இரும்பு உருக்கும் ஆலைகளும் பற்பல பொருள்களைச் செய்யும் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. வேலைமுறை மாறும் காலை வேளையில் அச்சாலையோரம் நிற்போர் செவியில் தமிழும் தெலுங்கும் மட்டுமன்றி, ஒரியாவும் இந்தியும் வங்காளமும் ஒருங்கே வந்து விழும்.

சில ஆண்டுகட்குமுன் நம் மாணவர் சிலரை உடனழைத்துக்கொண்டு அவ்வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். தகடு வெட்டும் யந்திரத்தின் முன்னே வடநாட்டு இளைஞன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் வேலையில் அமர்ந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. அவனுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதென்பதற்குச் சான்றாகப் பதிவேட்டில் அவன் கையொப்பம் இருந்தது. ஆயினும், அவசர வேளையில் யந்திரத்தை நிறுத்தும் பொத்தான் யாதென்று சைகையால் வினவியபோது, அவனால் அதனைக் காட்ட இயலவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்தன; அவனோ அவ்விரண்டையும் அறியான். அவன் விரல்களை நோக்கியவாறே நாம் வெளியே வந்தோம்.

நம் கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருட் சிலர், தொழிற்சாலைகளில் பயிற்சி அலுவலர் என்னும் உத்தியோகத்தை நாடுகின்றனர். அது நிழலில் அமர்ந்து ஏடுகளை நிரப்பும் எளிய வேலையென்று அவருட் பலர் எண்ணியிருக்கக் காண்கிறோம். அவ்வேலையின் உண்மைத் தன்மையை அவர்க்கு உணர்த்த விரும்பியே, கோயம்புத்தூரில் வாழ்ந்து மறைந்த ஜி. டி. நாயுடு அவர்களின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம். அவர் அவ்வுத்தியோகப் பெயரை என்றும் தாங்கியவரல்லர்; எனினும் தொழில் கற்பித்தல் என்பது யாதென்று தம் வாழ்வாற் காட்டியவர்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்னும் முழுப்பெயருடைய அப்பெரியார், 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவர்க்குக் கைகூடவில்லை. தொடக்க வகுப்புக்களோடே அது நின்றுபோயிற்று. நிலத்தில் வேலை செய்துகொண்டே, கைக்கெட்டிய நூல்களையும் பத்திரிகைகளையும் தாமே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊர்ந்து வந்த மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையுமின்றித் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கவேண்டும் என்னும் ஒரே நோக்கத்துடன் கோயம்புத்தூருக்குச் சென்று, ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தார். முடிவில் வண்டியும் அவர் கைக்கு வந்தது. பிறர் அதில் ஏறி உலா வந்திருப்பர். அவரோ அதனை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். கழற்றிய உறுப்புக்களை மீண்டும் பொருத்தினார். இன்ன உறுப்பு இன்ன இடத்தில் ஏன் இருக்கின்றது என்பதைக் கையாலும் கண்ணாலும் கற்றார். ஆசிரியர் இல்லாத அவர்க்கு அவ்வண்டியே ஆசிரியராயிற்று.

பின்னர்ப் பஞ்சு வாணிகத்தில் இறங்கிப் பம்பாய்வரை சென்ற அவர், கைப்பொருளை இழந்து திரும்பினார். அந்நிலையில் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை அவர்க்கு உதவி புரிந்தார். அவ்வுதவியைக் கொண்டு 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியே நாளடைவில் பெரிய நிறுவனமாய் வளர்ந்தது. குறித்த காலத்திற் புறப்படுதலும் குறித்த காலத்திற் சேர்தலும் அந்நிறுவனத்தின் பெரும் புகழாய் விளங்கின.

இவ்விடத்தில் மாணவர் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அக்காலத்தில் மோட்டார் ஓட்டவும் பழுது பார்க்கவும் அறிந்தோர் மிகச் சிலரே. பல வண்டிகள் தவறாது ஓடவேண்டுமாயின், ஓட்டுநரும் பழுது பார்ப்போரும் நாட்டுப்புற இளைஞரினின்றே உருவாக்கப்படுதல் வேண்டும். ஒருவன் அறிந்த வித்தை ஒரு வண்டியைத்தான் ஓட்டும்; அவன் பிறர்க்குக் கற்பித்த வித்தையே ஒரு நிறுவனத்தை ஓட்டும். தொழிற்சாலைகட்குப் பயிற்சி அலுவலர் ஏன் வேண்டும் என்னும் வினாவிற்கு இதனினும் தெளிவான விடை இல்லை.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடு என்பாருடன் சேர்ந்து பீளமேட்டில் அவர் மின்மோட்டார் செய்தார். இந்நாட்டிற் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என அது பெயர் பெற்றது. இன்று கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்று விளங்குவதற்கு அம்முயற்சி ஒரு வித்தாயிற்று. மின்சார சவரக் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி முதலிய பலவும் அவர் அறிவிற் பிறந்தன.

அந்நாட்களில் மேலைநாடுகளிலும் தொழில் கற்பிக்கும் முறை ஆராயப்பட்டு வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் துறைகளுக்குப் புதியவர் பல்லாயிரவர் விரைவில் வேண்டப்பட்டனர். அப்பணியில் ஈடுபட்ட சார்லஸ் ஆலன் என்பார், கற்பித்தலை நான்கு படிகளாக வகுத்தார். கற்பவன் மனத்தைப் பக்குவப்படுத்தல், செய்து காட்டல், அவனைச் செய்யச் செய்தல், செய்ததைச் சோதித்தல் என்பனவே அவை. இரண்டாம் உலகப் போரின்போது 1940-ல் அமெரிக்க அரசு தொடங்கிய தொழிலகப் பயிற்சித் திட்டமும் இவ்வழியையே தழுவியது. கற்றவனால் வேலையைச் செய்ய இயலாவிடின், கற்பித்தவன் கற்பிக்கவில்லை என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய நம் கோவைப் பெரியாரும் தம் அனுபவத்தால் இவ்வுண்மைக்கே வந்து சேர்ந்தார் என்று துணிந்து கூறலாம்.

1945-ல் நாயுடு அவர்களின் முயற்சியாலும் கொடையாலும் கோயம்புத்தூரில் தொழிற்கல்லூரி தோன்றியது. அந்நாளைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. அக்கல்லூரி பின்னர் இடம் மாறி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாய்த் திகழ்கின்றது. ஆயினும் அவிநாசிச் சாலையில் அது முன்பிருந்த பகுதியை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர்.

அங்கே தலைமை ஏற்ற நாயுடு அவர்கட்கும் அரசாங்கத்தார்க்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டா, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. மாணவன் வகுப்பில் அமர்ந்து காலத்தை வீணாக்காது, பட்டறையில் நின்று கற்றல் வேண்டும் என அவர் கருதினார். அரசாங்கத்தார் அதற்கு இசையவில்லை. தாம் வளர்த்த நிறுவனத்தின் பொறுப்பை அவர் துறந்து வெளியேறினார். பின்னரும் குறுகிய காலத்திற் கற்பிக்கும் பயிற்சிகளை நடத்துவதை அவர் கைவிட்டாரில்லை. 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். இன்றும் கோவையில் அவர் பெயரால் அறநிலையமும் பொருட்காட்சிச்சாலையும் நின்று நிலவுகின்றன.

அவர் கொள்கை முற்றும் சரியோ என்று கேட்பின், யாம் ஆம் என்று கூறத் தயங்குவோம். பாலம் கட்டுவோர்க்கும் புதிய யந்திரம் வகுப்போர்க்கும் கணிதமும் பௌதிகமும் ஆழ்ந்து கற்கக் காலம் வேண்டும். இளமையிற் படிப்பிழந்தும் தாமே கற்ற மேதை ஒருவர், தம்மைப்போலவே பிறரும் விரைந்து கற்பர் என்று கருதியிருத்தல் கூடும். எனினும் அவர் எழுப்பிய வினா இன்னும் உயிரோடிருக்கின்றது. பயிற்சியின் அளவை நாட்களாற் காண்பதோ, கற்றவன் கைத்திறத்தாற் காண்பதோ? புதுவாயலில் நாம் கண்ட பதிவேடு நாட்களையும் கையொப்பங்களையும் எண்ணிற்று. அவ்விளைஞன் கையை எண்ணவில்லை. குறுகிய பயிற்சியும் அங்கே குற்றமன்று. சோதித்துப் பாராமையே குற்றம்.

அபாயமான யந்திரத்தில் இளையோரை அமர்த்துமுன், அதன் அபாயத்தை முற்ற விளக்கிப் போதிய பயிற்சியும் அளித்தல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 1961-ல் தொழிற்பழகுநர் சட்டம் பிறந்தது. பயிற்றுவோர்க்கே பயிற்சி தரும் மத்திய அரசின் நிலையம் சென்னைக் கிண்டியிலே உளது. ஆகவே விதிகட்கும் நிலையங்கட்கும் குறைவில்லை. அவற்றிற்கு உயிரூட்டும் மனிதரே வேண்டப்படுகின்றனர்.

இவ்வுத்தியோகத்தை விரும்பும் மாணவ நண்பர்காள்! நீவிர் தொழிற்சாலையுட் புகுந்தவுடன் மேசையைத் தேடாதீர். யந்திரம் ஒன்றையேனும் உம் கையாற் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்வீர். பழைய தொழிலாளியின் பக்கத்தில் நின்று, ஏட்டில் எழுதப்படாத அவன் நுணுக்கங்களைக் குறித்துக்கொள்வீர். புதியவன் பேசும் மொழியிற் பத்துச் சொற்களேனும் பழகுவீர். சொல் எட்டாத இடத்திற் செய்து காட்டுவீர். அவனே செய்து காட்டும்வரை ஏட்டிற் கையொப்பம் பெறாதீர்.

அன்று நாம் கண்ட இளைஞன் இன்று எங்குள்ளானோ, அறியோம். அவன் விரல்கள் பத்தும் நலமாயிருக்கும் என்றே நம்ப விழைகிறோம். அந்நம்பிக்கையை உறுதியாக்கும் பொறுப்பு, இக்கல்லூரியினின்று அவ்வட்டாரத்திற்கு வேலைக்குச் செல்லவிருக்கும் உம் கைகளில் உள்ளது.