காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா

இந்த முறை நான் எழுதுவது ஜே.சி. குமரப்பாவைப் பற்றி. யாருன்னு கேட்கிறீங்களா? போன மாசம் வரைக்கும் எனக்கும் தெரியாது. முத்தியால்பேட்டையில் எங்க வீட்டு போர் தண்ணி உப்புக் கரிக்க ஆரம்பிச்சதாலதான் தெரிய வந்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்றேன்.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக வசதியாக வாழ்ந்தார். பிறகு அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். வரிப்பணம் போகும் வழியைக் கணக்குப் பார்த்தபோது ஆங்கிலேயர் ஆட்சியின் சுரண்டல் அவருக்குப் புரிந்தது.

அந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் காந்தியடிகளைப் பார்க்க சபர்மதி ஆசிரமம் போனார். கோட்டு சூட்டு, கையில் தடி! மரத்தடியில் ஒரு வயதானவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இவர் நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரியவரே நீங்கதான் குமரப்பாவா என்று கேட்டார். அவர்தான் காந்தி! சூட்டு போட்டபடியே குமரப்பா சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அதன் பிறகு அவர் கதர்தான். குஜராத்தில் மாத்தார் வட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாக வரவு செலவு கேட்டு எழுதினார். 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் கைக்காகிதம், செக்கு, தேனீ வளர்ப்பு என்று எல்லாம் நடந்தது. மண்ணெண்ணெய்க்குப் பதிலா தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கையும் அங்கே செய்தார்கள்.

ஏன் அந்த விளக்கு? இங்கேதான் அவருடைய கணக்கு இருக்கிறது. நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் பூமிக்குள் தேங்கிக் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப ஊறாது. ஆற்று நீரும் காட்டு மரமும் வந்துகொண்டே இருப்பவை. எள்ளு அடுத்த வருஷமும் விளையும். தேங்கியதை நம்பி வாழ்ந்தால் அது தீரும்போது சண்டை வரும், யுத்தமே வரும் என்று அவர் நினைத்தார். சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய புத்தகத்தில் இதையெல்லாம் விளக்கினார். அதில் மிருகங்கள்கூட வரும். புலி ஆட்டையே கொன்று தின்னும். குரங்கு தான் நடாத மாந்தோப்பில் பழம் பறிக்கும். தேனீயோ கூட்டத்துக்கே தேன் சேர்க்கும். நான் எந்த வகைன்னு யோசிச்சுப் பார்த்தேன், குரங்குதான்!

கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், காலமானார். வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்று வெளிநாட்டு அறிஞர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் புத்தகம் வெளியிட்டது 1972-இல். இவர் சிறையில் உட்கார்ந்து பல வருஷம் முன்னாடியே எழுதிட்டார்.

இப்போ எங்க வீட்டுக் கதை. பாட்டி காலத்தில் கிணறுதான். மழைக்குத் தண்ணி ஏறும், கோடையில் இறங்கும், கயிறு நீளமா விடுவாங்களாம். அப்புறம் போர் போட்டோம், ஆழப்படுத்தினோம், மறுபடியும் ஆழப்படுத்தினோம். கடலோர ஊரில் மழை கொடுப்பதைவிட அதிகமா உறிஞ்சினா கடல் தண்ணி உள்ளே வந்துடும்னு டீச்சர் சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு நூலகத்தில் தேடினப்போதான் குமரப்பா கிடைச்சார். அவர் கணக்கை அப்பாகிட்ட சொன்னேன். முதல்ல மாடி மழைத்தண்ணியைப் பழைய கிணத்துல விடலாம்ப்பான்னும் கேட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. இன்னும் ஆழமாத் தோண்ட ஞாயிற்றுக்கிழமை போர்காரரை வரச் சொல்லியிருக்கார். பாட்டி மட்டும் கிணத்து மேல கிடந்த சாமான்களை எடுத்து ஓரமா வெச்சாங்க.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி