அண்ணலின் இடுப்புக் கடிகாரம்

ஒருவன் தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கட்டிக்கொண்ட கைக்கடிகாரத்தை எளிதில் மறந்துவிடுவதில்லை. எனக்கு அது 1972ஆம் ஆண்டில், பதுளைப் புகையிரத நிலையத்தில் கிடைத்தது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற என் தாய்மாமன், தலைமன்னார் சென்று கப்பலேறுவதற்காக மனைவி மக்களுடன் புறப்பட்ட நாள் அது. வண்டி நகரத் தொடங்கிய வேளையில், மாமா தம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சன்னல் வழியே என் கையில் வைத்து அழுத்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நானும் அழுதேன். ஆயினும், பதினான்கு வயதுக்கே உரிய பேதைமையால், வண்டி மறைவதற்கு முன்பே அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுவிட்டேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் முதல் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டே திரிந்தேன். எங்கள் லயத்தில் வேறு எவரிடமும் கடிகாரம் இல்லை. தோட்டத்தில் நேரம் என்பது துரையின் பங்களாவிலும் கணக்கப்பிள்ளையின் கையிலும் குடியிருந்த பொருள். விடியுமுன் தப்பு முழங்கும்; கேட்டதும் எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்திச் சென்றவர்களுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான்; அதாவது, அரை நாட் சம்பளந்தான். எங்கள் லயமோ மலைச்சரிவின் கீழ்க்கோடியில் இருந்தது. மழையும் காற்றும் மிகுந்த நாட்களில் தப்பின் ஓசை அங்கே எட்டாது.

என் கோலத்தை இரண்டு நாள் பார்த்திருந்த தாத்தா, மூன்றாம் நாள் மாலை என்னை அருகில் அழைத்தார். இது உனக்கு நகையா, அல்லது வேலைக்கு உதவும் கருவியா என்று கேட்டார். நான் விழித்தேன். அப்போதுதான் அவர் தம் இளமையில் கண்ட ஒரு காட்சியைச் சொன்னார்.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காந்தியடிகள் கதர் நிதி திரட்டுவதற்காக இலங்கை முழுவதும் சுற்றுப்பயணம் செய்தார். அம்மாதம் 19ஆம் நாள் பதுளைக்கும் வந்தார். தாத்தா தோட்டத்திலிருந்து நடந்தே சென்று கூட்டத்தில் ஒருவராக நின்றார். குடியை விட்டொழிக்குமாறு தொழிலாளரை அண்ணல் அப்பயணத்தில் வேண்டிக்கொண்டார் என்பது பலரும் அறிந்ததே. பின்வரிசையில் நின்ற தாத்தாவுக்கோ பேச்சில் பாதி காதில் விழவில்லை. முழங்காலளவு வேட்டி உடுத்த அந்த மெலிந்த மனிதரின் இடுப்பில் ஒரு கடிகாரம் தொங்கியது மட்டும் அவர் கண்ணில் நின்றுவிட்டது. வேறு எந்த உடைமையும் வேண்டாதவருக்குக் கடிகாரம் எதற்கு என்ற வியப்பு அவரை நெடுங்காலம் விடவில்லையாம். அதற்கு விடையைப் பிற்காலத்தில் நான் நூல்களிலே தேடினேன்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888இல் சட்டம் பயில லண்டன் சென்றார். அங்கே வெள்ளைக்காரக் கனவானைப் போல் தோன்ற வேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. பத்துப் பவுன் கொடுத்து மாலை நேர உடுப்புத் தைத்துக்கொண்டார். கடிகாரத்துக்கு இரட்டை வடத் தங்கச் சங்கிலி வேண்டுமென்று தமையனாருக்கு எழுதி வரவழைத்தார். தலை வாரவும் கழுத்துப்பட்டியைச் சரிசெய்யவும் நாள்தோறும் பத்து நிமிடம் கண்ணாடி முன் நின்றதாகத் தம் சுயசரிதையில் அவரே வருந்தியிருக்கிறார். சங்கிலி தங்கமாக இருந்தது; நேரம் வீணாகப் போயிற்று. இம்மயக்கம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. விரைவிலேயே ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதும் மாணவராக அவர் மாறினார்.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்றார். எங்கள் முன்னோரைப் போலவே தமிழ் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து சென்ற ஒப்பந்தக் கூலிகளை அங்கே கண்டார். எசமானன் அடித்துப் பல் உடைந்து, இரத்தம் ஒழுக வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளிக்காக வாதாடினார். 1901இல் அவர் தாயகம் திரும்ப முனைந்தபோது, மக்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பிறரிடம் நகை மோகத்தை விடச் சொல்லும் தம் வீட்டில் தங்கக் கடிகாரத்துக்கும் சங்கிலிக்கும் இடம் ஏது என்று உள்ளம் உறுத்தியது. கஸ்தூரிபா கண்ணீர் விட்டு வாதாடியும் அவர் இணங்கவில்லை. அனைத்தையும் பொது நிதியமாக்கிச் சமூகத்துக்கே ஒப்படைத்தார்.

தங்கம் போயிற்று, கடிகாரம் மட்டும் போகவில்லை. 1915இல் இந்தியா திரும்பியபின் அவர் வைத்திருந்தது மலிவான சட்டைப்பைக் கடிகாரம். சட்டையே அணியாதவருக்குப் பை ஏது? ஆகவே அதை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆசிரமத்தில் வைகறை நான்கு மணிக்குப் பிரார்த்தனை. நூற்பதற்கு ஒரு நேரம், கடிதம் எழுத ஒரு நேரம், வந்தவரைக் காண ஒரு நேரம். 1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், அறுபது வயதில், 240 மைல் தொலைவிலுள்ள தண்டிக் கடற்கரையை நோக்கி நடந்தபோதும் நாள் ஒழுங்கு தவறவில்லை. தம் நேரம் தமக்குச் சொந்தமன்று, பிறருக்காகத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பதே அவர் கொள்கை.

நேருவின் புதல்வி இந்திரா அளித்த கடிகாரம் 1947இல் கான்பூரில் புகையிரதப் பயணத்தின்போது களவு போயிற்று. எடுத்தவரே சில மாதங்களின் பின் கொண்டுவந்து கொடுத்து மன்னிப்பு வேண்டினார் என்பர். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், டெல்லி பிர்லா மாளிகையில் வல்லபாய் பட்டேலுடன் பேசிக்கொண்டிருந்ததில், ஐந்து மணிப் பிரார்த்தனைக்கு அண்ணல் பிந்திவிட்டார். பேத்தி முறையினரான மனுவும் ஆபாவும் குறுக்கிடத் தயங்கினர். அவர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. காக்க வைத்தோமே என்று அப்பெண்களைச் செல்லமாகக் கடிந்தபடியே விரைந்து நடந்தார். ஐந்து மணி பதினேழு நிமிடமளவில் குண்டுகள் பாய்ந்தன.

தாத்தா எனக்கு இட்ட வேலை ஒன்றுதான். தப்பு முழங்குவதற்கு அரை மணி முன்பே எழுந்து, லயத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். நானும் தட்டினேன். மூன்று மாதம் எங்கள் லயத்தில் எவருக்கும் அரைப்பேர் விழவில்லை. கொழுந்துக்குப் போகும் பெண்கள் என்னை வாழ்த்தினர், நான் மிதந்தேன். ஒருநாள் இரவு விளையாட்டு நினைவில் சாவி கொடுக்க மறந்து உறங்கினேன். கடிகாரம் நின்றது. வெளியே பெருமழை. என் தட்டலையே நம்பியிருந்த லயம் முழுவதும் பிந்தியது. அன்று அம்மாவுக்கும் அரைப்பேர். மாலையில் நனைந்த சாக்குடன் வீடு திரும்பிய அம்மா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

தாத்தாவின் கேள்விக்கு அன்றிரவுதான் எனக்கு விடை தெரிந்தது. இரவில் சாவி கொடுக்காமல் அதன்பின் நான் படுத்ததில்லை. மாமா இந்தியாவிலிருந்து எழுதும் கடிதந்தோறும் கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்பார். ஓடுகிறது என்று எழுதுவேன். ஓடாத அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் அவருக்கு எழுதியதேயில்லை. மாமா இன்றில்லை, ஆகவே இங்கே எழுதிவிட்டேன்.