எவரெஸ்ட் பனிச்சரிவில் தப்பியவர், நெய்யூரில் மருத்துவரானார்: யார் இந்த சோமர்வெல்?

1922 ஜூன் 7. எவரெஸ்ட்டின் திபெத் பக்கம். நார்த் கால் என்ற கணவாயை நோக்கி 17 பேர் நான்கு கயிறுகளில் பிணைந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் பிரிட்டிஷார். மற்ற 14 பேர் இமயமலைப் பகுதிச் சுமைதூக்கிகள். பிற்பகலில் சரிவு மொத்தமாக நழுவியது. ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேருமே சுமைதூக்கிகள்.

முதல் கயிற்றில் இருந்து தப்பியவர்களில் ஒருவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். பின்னாளில் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் கத்தி பிடித்த அதே சோமர்வெல்தான்.

போர்முனையிலிருந்து மலைக்கு

1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணித் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படிப்பு. முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனையில் அறுவை சிகிச்சை மருத்துவர். 1916-ல் சோம் போரில் காயமடைந்து வந்து குவிந்த வீரர்களை நேரில் பார்த்தவர்.

1922 மே 21 அன்று மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் 8,200 மீட்டருக்கு மேல் ஏறினார். அதுவரை அவ்வளவு உயரம் யாரும் போனதில்லை. ஆனா உச்சி இன்னும் மிச்சம் இருந்தது. பருவமழைக் காலம் நெருங்கிய நேரத்தில், இன்னொரு முயற்சிக்குக் கிளம்பினார்கள்.

பனி ஏன் நழுவியது?

மலைப்பனி ஒரே கட்டியாக இருக்காது, அடுக்கடுக்காகப் படியும். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. புது அடுக்கு பழையதோடு ஒட்ட நேரம் வேணும். அதற்குள் ஆள் நடந்தால், அந்த எடையே போதும்: மேலடுக்கு பலகை மாதிரி முறிந்து வழுக்கிவிடும். 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் இந்த ஆபத்து அதிகம்.

அன்று நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். கனத்த பனிப்பொழிவு முடிந்து ஒரு நாள்தான் வெயில் அடித்திருந்தது. ஆல்ப்ஸ் அனுபவத்தை வைத்து, பனி இறுகியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வழியில் ஒரு செங்குத்தான இடத்தில் சோதித்தும் பார்த்தார்கள். பனி அசையவில்லை. ஆனா ஓர் இடத்தில் பனி தாங்கியது என்பதால் முழுச் சரிவும் தாங்கும் என்று அர்த்தமில்லை. சில மீட்டர் தள்ளியே அடுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

பின்னால் வந்த ஒன்பது பேரைப் பனி ஒரு பனிச்சுவருக்கு மேலிருந்து தள்ளியது. இருவரை மட்டுமே உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. முடிவெடுத்தவர்கள் பிழைத்தார்கள், சுமை தூக்கியவர்கள் இறந்தார்கள் என்பது சோமர்வெல்லை விடவே இல்லை. தங்களில் ஒருவராவது அந்தச் சாவில் பங்கெடுத்திருக்கலாமே என்ற எண்ணத்தைப் பிற்பாடு தன் நூலிலும் எழுதினார்.

நெய்யூரும், மறுபடி எவரெஸ்ட்டும்

பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது, அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் போனார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள், பார்க்க மருத்துவர்கள் போதவில்லை. லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தார்.

1924-ல் மீண்டும் எவரெஸ்ட். நார்த் கால் முகாமில் நான்கு சுமைதூக்கிகள் மாட்டிக்கொண்டார்கள். மறுபடியும் புதுப்பனி, நம்ப முடியாத சரிவு. இந்த முறை சோமர்வெல், நார்ட்டன், மல்லோரி மூவரும் ஏறியது உச்சிக்காக இல்லை, அந்த நால்வருக்காக. கயிற்றின் நீளம் போதவில்லை. இருவர் வழுக்கியபோது, சோமர்வெல் தன் கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியில் கட்டி, ஒரு கையால் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு எட்டி அவர்களை இழுத்தார். நால்வரும் உயிரோடு இறங்கினார்கள்.

சில நாட்கள் கழித்து நார்ட்டனுடன் உச்சிக்கு முயன்றபோது, தொண்டை அடைத்து மூச்சுத் திணறி, சாவின் விளிம்பு வரை போய் வந்தார்.

பிறகு மிச்ச வேலைக்காலம் முழுக்க இந்தியாதான். நெய்யூரில் குடல்புண் அறுவை சிகிச்சைகளுக்குப் பெயர் பெற்றார். 1949 முதல் 1961 வரை வேலூர் சிஎம்சியில் பணியாற்றினார். 1975-ல் இங்கிலாந்தில் காலமானார்.

இன்றைய பயணிகளுக்கு?

நூறு ஆண்டுகளில் கருவிகள் மாறிவிட்டன. இந்திய இமயமலைக்கு டிஆர்டிஓவின் சண்டிகர் ஆய்வகமான டிஜிஆர்இ பனிச்சரிவு எச்சரிக்கைகள் தருகிறது. இருந்தும் 2022 அக்டோபரில், உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக்குப் போன குழு பனிச்சரிவில் சிக்கி, 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன.

குளிர்கால ட்ரெக் புக் பண்ணும் முன் ரெண்டு கேள்வி கேளுங்க. கடைசியாகப் பனி எப்போது பெய்தது? "இன்னைக்கு வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்லும் அதிகாரம் உள்ளூர் வழிகாட்டிக்கும் சுமைதூக்கிக்கும் இருக்கிறதா? முதல் கேள்வியை 1922-லேயே கேட்டார்கள், பதில்தான் தப்பாகிவிட்டது. இரண்டாவதை யாரும் கேட்கவே இல்லை.