திருநீற்றுப் புதனன்று ஓரியூரில்

தவக்காலத்தின் முதல் நாளாகிய திருநீற்றுப் புதனை நம் முன்னோர் விபூதிப் புதன் என்றனர். 1693-ஆம் ஆண்டில் அந்நாள் பிப்ரவரி 4-ஆம் தேதி வந்தது. பாஸ்கு திருநாள் அவ்வாண்டு மார்ச் 22. அதைவிட முன்னதாகப் பாஸ்கு வருவதே இல்லை. அந்தப் புதன்கிழமையில்தான் மறவர் நாட்டு ஓரியூரில் புனித அருளானந்தரின் தலை வெட்டுண்டது.

போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 1647-இல் உயர்குடியில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. தந்தையை இளமையிலேயே இழந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராக வளர்ந்தார். கொடிய நோய் கண்டபோது, அவருடைய தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்ததும், ஓராண்டுக் காலம் சின்னஞ்சிறு சேசு சபை அங்கி அணிந்து அரண்மனையில் நடமாடினானாம்! நேர்ச்சை அத்தோடு முடிந்தது என்று தாய் எண்ணியிருக்கலாம். மகனோ 1662-இல் சேசு சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1673-இல் குருப்பட்டம் பெற்று இந்தியாவுக்குக் கப்பலேறினார். தாய் தடுத்துப் பார்த்தும் பயனில்லை.

மதுரை மிஷனில் அவர் பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். காவியுடை, மரப்பாதுகை, தரையில் படுக்கை, புலால் நீக்கிய உணவு. பண்டாரசுவாமிகளே தாழ்த்தப்பட்ட மக்களிடமும் சென்று பழகக்கூடியவர்கள் என்பதால் இக்கோலத்தை ஏற்றார். நாம் நாற்பது நாள் கடைப்பிடிக்கவே திணறும் ஒறுத்தலை அவர் ஆண்டு முழுவதும் கடைப்பிடித்தார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். சேதுபதி மன்னர் அவரை விடுவித்தார். பின்னர் சபை அலுவலாக லிஸ்பன் சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் பேதுரு தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி வேண்டினார். விருந்து மேசைகள் நிறைந்த அந்நகரிலும் அவர் மரக்கறி உணவை விடவில்லை. 1690-இல் மீண்டும் இந்தியா திரும்பினார்.

நோயுற்றிருந்த தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் உபதேசியாரின் செபத்தால் குணமடைந்து, திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் மூத்தவளை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளாகப் பாவித்துப் பராமரிப்பதாக வாக்களித்தார். விலக்கப்பட்டவர்களுள் இளையவளான கடலாயி, சேதுபதியின் சகோதரன் மகள். அவள் அழுதுகொண்டு பெரிய தந்தையிடம் ஓடினாள்.

இவ்விடத்தில் பெண்பிள்ளைகளாகிய நாம் சற்று நிற்க வேண்டும். மேடை நாடகங்களில் கடலாயியைக் கொடியவளாகவே காட்டுகிறோம். ஒரு நாளில் வாழ்விழந்த பெண் அவள். தான் செய்யாத குற்றத்திற்காக விலக்கப்பட்டாள். திருமண ஒழுக்கத்தில் அருளானந்தர் விட்டுக்கொடுத்திருக்க முடியாது என்பது உண்மையே. அவளுடைய கண்ணீரும் உண்மையே. தவக்காலச் செபத்தில் அவளுக்கும் ஓர் இடம் தரக்கூடாதா?

1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்தில் அவரைக் கொன்றால் கலகம் எழலாம் என்று அஞ்சிய மன்னர், ஓரியூரிலிருந்த தம் சகோதரரிடம் அனுப்பினார். சிறையில் மை இல்லை. கரியையே மையாகக் கொண்டு உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். அச்சமோ வருத்தமோ அதில் காணப்படவில்லை. மறுநாள் ஆற்றங்கரை மேட்டில் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு, கொலைஞனிடம் தாமே கழுத்தை நீட்டினார். நெற்றியில் சாம்பல் பூச அன்று அவரருகில் குரு எவரும் இல்லை.

செய்தி லிஸ்பனை எட்ட மாதங்கள் பல ஆயின. அரசர் நன்றி வழிபாடு நடத்தினார். அன்று அவருடைய தாய் துக்க உடை உடுத்தாமல், திருவிழா உடையில் கோவிலுக்கு வந்தார். முன்பு மகனை அனுப்ப மறுத்து அழுத அதே தாய்தான்.

1947-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஓரியூர் செல்வோர் அங்குள்ள செம்மணலில் ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள்.